தேரிலிருந்து திண்ணைக்கு

வீடும் ஊசியும் — 6

திருவரங்கத்தில் விருப்பன் திருநாள் நடைபெறும் சித்திரை மாதத்தில், ஒன்பதாம் நாள் காலையில் வடம் பிடிக்கும் ஆரவாரத்துக்கிடையே தேரை அண்ணாந்து பார்த்து நிற்பவர்கள் அனைவரும் நம்பெருமாளை மட்டுமே பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஊசியும் நூலுமாகவே பாதி ஆயுளைக் கழித்துவிட்ட என்னைப் போன்றவர்களின் கண்கள், ஸ்வாமியைச் சேவித்த மறுகணமே, தேரைச் சுற்றித் தொங்கி அசையும் துணித் தொம்பைகளிடம் தாமாகவே போய்விடுகின்றன. இது அபசாரமானால் அரங்கன் மன்னிப்பானாக.

தொம்பை என்பது, மேலும் கீழும் வளையம் பூட்டி, உருளையாகத் தைத்துத் தொங்கவிடப்படும் துணிக்கூடு. தாமரை, மயில், யாளி, யானை முதலிய உருவங்களைச் சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்பு என்னும் திடமான வர்ணத் துணிகளில் கத்தரித்து, அதன்மேல் ஒட்டுத் தையலாகப் பொருத்துவார்கள். தஞ்சை, கும்பகோணம் வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் இந்த வேலையை அருகில் சென்று பார்த்தவர்கள் சற்று ஏமாற்றமே அடைவார்கள். ஏனெனில் தையல் நெருக்கமானதும் அன்று, நுணுக்கமானதும் அன்று. வீதியின் கோடியில் நிற்பவன் கண்ணுக்கும் மயில் மயிலாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே உருவங்களைப் பெரியனவாகவும், வர்ணங்களை ஒன்றுக்கொன்று விரோதமானவையாகவும் அமைத்த அந்தக் கைகள், நேர்கோட்டுத் தையலுக்கு மேற்பட்ட வித்தை எதையும் நாடவில்லை. வீட்டை அலங்கரிக்க விரும்பி, ஆனால் தையல் தெரியாதே என்று தயங்கும் சகோதரிகளுக்கு இதைவிட உகந்த குரு யார் இருக்கிறார்கள்?

ஒடிசாவில் புரிக்கு அருகிலுள்ள பிப்பிலி என்னும் ஊரார் இந்த ரகசியத்தை நமக்கு முன்பே அறிந்துகொண்டுவிட்டார்கள். ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை ஆகிய மூவரின் ரதங்களுக்கும் துணி விதானம் தைத்துக் கொடுத்த அதே கைகள், இன்று விளக்கு மூடிகளையும் சுவர்த் தொங்கல்களையும் தைத்துச் சாலையோரக் கடைகளில் நிரப்பி வைத்திருக்கின்றன. நம் தொம்பையோ பெரும்பாலும் தேரோடும் கல்யாணப் பந்தலோடும் நின்றுவிட்டது. அதைத் திண்ணைக்கு இறக்கி வருவதே இந்த வாரத்துக் காரியம்.

எட்டு அங்குல விட்டமுள்ள எம்பிராய்டரி வளையம் ஒன்று வாங்குங்கள். அது உள்வளையம், வெளிவளையம் என இரண்டாகப் பிரியுமாதலால், மேலுக்கு ஒன்றும் கீழுக்கு ஒன்றுமாக ஒரே செலவில் இரண்டு வேலையும் முடிந்துவிடும். எட்டங்குல விட்டத்துக்குச் சுற்றளவு இருபத்தைந்து அங்குலத்துக்குச் சிறிது அதிகம். இருபுறமும் அரையங்குலம் தையலுக்கு விட்டு, சற்றுத் தளர்வும் வேண்டுமென்பதால், 27 அங்குல அகலமும் 30 அங்குல நீளமுமாகத் துணியை வெட்டிக்கொள்ளலாம். உருளையாக மூட்டுவதற்கு முன்பே, துணி விரித்தபடி இருக்கும்போதே, உருவங்களைத் தைத்துவிட வேண்டும். மூட்டிய பிறகு உள்ளே கைவிட்டுத் தைப்பது குடத்துக்குள் கோலம் போடுவதற்கு ஒப்பாகும். பழைய செய்தித்தாளை நான்காக மடித்து வெட்டினால் தாமரைக்கு மாதிரி கிடைக்கும். அதைத் துணியில் வைத்துச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாகக் கத்தரித்து, அந்த ஓரத்தை உள்ளே மடித்து இஸ்திரி போட்டுவிட்டால், பிசிறு வெளியே தலைகாட்டாது. பிறகு சாதாரண நூலோட்டமே போதும். அதன்பின் துணியை உருளையாக மூட்டி, மேலும் கீழும் வளையங்களைப் பொருத்தி, கீழ் விளிம்பில் அரசிலை வடிவத்தில் சில துணி இலைகளைத் தொங்கவிட்டால் தொம்பைக்கு உரிய லட்சணம் பூர்த்தியாகும்.

இவ்வளவு சொல்லும் நான் தைத்த முதல் தொம்பையின் கதியையும் சொல்லிவிடுவது நியாயம். துணியை நனைக்காமலே அவசரமாகத் தைத்து முன் திண்ணையில் மாட்டினேன். ஆடி மாதத்து மழைச் சாரல் ஒரு நாள் மாலை அதன்மேல் அடித்ததில், சிவப்புத் தாமரை உருகி, வெள்ளைத் துணியெல்லாம் ரோஜா வர்ணமாயிற்று. பார்த்தவர்கள் நாகரிகமாகப் புன்னகை செய்தார்கள். அன்று முதல் சிவப்புத் துணியைத் தனியே ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசாமல் கத்தரியைத் தொடுவதில்லை.

துணிக்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. சோழர்களின் பழைய தலைநகராகிய உறையூர், நெசவுக்கும் அக்காலத்திலேயே பெயர்பெற்றது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், அர்காரு என்ற ஊரின் மெல்லிய பருத்தித் துணியைக் குறிப்பிடுகிறது என்றும், அந்த அர்காரு உறையூரே என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது சாயத்தொட்டி என்று கருதத்தக்க அமைப்பு ஒன்றும் வெளிப்பட்டது. அந்த உறையூரில் நெய்த கைத்தறிப் புடவை ஒன்றாவது நம் வீடுகளில் ஓரம் கிழிந்து கிடக்காமல் இராது. அதுவும் இல்லையெனில், பெரிய கடை வீதியில் பிட் துணியாக வாங்கலாம். தெரு முனைத் தையற்காரரிடம் கேட்டால் வெட்டு மிச்சத்தை அள்ளிக் கொடுப்பார்.

ஆயினும், முதன்முதலாக ஊசி பிடிப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது கட்டம் போட்ட கைலித் துணியையே. கைலியா என்று முகம் சுளிக்க வேண்டாம். அரங்கனிடம் மனத்தைப் பறிகொடுத்த சுல்தானின் மகள் என்று சொல்லப்படும் துலுக்க நாச்சியாரை உத்தேசித்து, அரங்கனே கைலி உடுத்திக்கொள்ளும் ஊர் திருவரங்கம். நமக்குக் கைலியின் உபயோகம் வேறொன்று: கட்டத்தின் கோடே அளவுகோலாகிவிடுவதால், சாக்குக்கட்டியும் தேவையில்லை, வெட்டும் கோணாது, தையலும் தடுமாறாது. பதினாறு அங்குலத் திண்டுக்கு உறை தைக்க, முன்புறத்துக்கு 17 அங்குலச் சதுரம் ஒன்றும், பின்புறத்துக்கு 17 அங்குலத்துக்கு 12 அங்குலமாக இரு துண்டுகளும் போதும். அவ்விரு துண்டுகளிலும் ஒரு நீண்ட ஓரத்தை மட்டும் மடித்துத் தைத்து, மடித்த ஓரங்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி முன்துண்டின் மேல் கவிழ்த்து வைத்து, நான்கு பக்கமும் அரையங்குலம் உள்ளே தைத்துப் புரட்டிவிடுங்கள். பொத்தானும் வேண்டாம், ஜிப்பும் வேண்டாம்; திண்டு அந்த வாய் வழியாகத் தானே உள்ளே புகுந்துகொள்ளும்.

வாசல் தோரணம் இன்னும் எளிது. இரண்டிரண்டாகத் தைத்துப் புரட்டிய பச்சைத் துணி மாவிலைகள் பதினொன்றை மூன்றடி நாடாவில் கோத்தால் ஆயிற்று. பண்டிகை நாளில் மட்டும் அதை நீக்கிவிட்டு மெய்யான மாவிலையையே கட்டுங்கள். அந்த மணம் துணிக்கு வராது.

இன்னொன்றையும் கண்டிப்புடன் சொல்ல விரும்புகிறேன். தையல் மிஷின் கைக்கு வந்ததும் காணும் பொருளுக்கெல்லாம் ஜாலர் வைக்கும் மோகம் பலருக்கு உண்டாகிறது. ரேடியோவுக்கு உறை, உறைக்கு ஜாலர், ஜாலருக்குக் குஞ்சம் என்று வளர்ந்துகொண்டே போய், கடைசியில் தூசி படிவதற்கென்றே ஒரு வீடு தயாராகிவிடுகிறது. தேரில் துணி ஆடுவதற்கு மேலே ஆகாசம் இருக்கிறது. எட்டடிக்குப் பத்தடி கூடத்துக்கு ஒரு தொம்பையே தாராளம்.

அடுத்த வாரம் ஒன்பது கஜப் புடவையிலிருந்து ஜன்னல் திரைகள் தைக்கப் போகிறோம். பெட்டியில் பழம்புடவை இருப்பவர்கள் அதை இன்றைக்கே நனைத்துக் காயவைத்து எடுத்து வையுங்கள்.