சீனாவில் ஒரு மயிலாட்டம்: நம்ம ஊர் ஆட்டத்துக்கு அது சொந்தமா?

மாத்தூரிலிருந்து கிளம்பும் பஸ், மணலி பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும் நேரம் போதும். ரீல்ஸில் ஒரு முழு நடனத்தையே பார்த்துவிடலாம். அப்படி அடிக்கடி கண்ணில் படும் ஒன்று, சீனாவின் மயில் நடனம். நீள வெள்ளை கவுனில் ஒரு பெண். ஒரு கை மேலே எழுகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தால் அலகு, விரிந்த மற்ற மூன்று விரல்களும் கொண்டை. முகமூடியும் இல்லை, இறகும் இல்லை. ஆனாலும் மயில் தெரிகிறது!

இந்த பாணியை 1986-ல் நாடு முழுக்கப் பிரபலமாக்கியவர் யாங் லிபிங். ஆனால், நடனத்தின் வேர் அவருடைய மேடையில் இல்லை. மியான்மரை ஒட்டிய யுன்னான் மாகாணத்தில் வாழும் தாய் இன மக்களின் ஆட்டம் இது. முன்பு ஆண்கள்தான் ஆடினார்கள். முகத்தில் முகமூடி, உடம்பில் மூங்கில் சட்டத்தில் செய்த இறக்கை. 1950-களில்தான் பெண்கள் மேடையேறினார்கள், கனமான சட்டம் கழன்றது.

முகமூடி, இறக்கை... எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா?

நம்ம மயிலாட்டமும் அப்படித்தான். ஆடுபவர் தலை முதல் கால் வரை மயிலுக்குள் மறைந்துவிடுவார். அலகில் ஒரு நூல் கட்டியிருக்கும். உள்ளிருந்து இழுத்தால் வாய் திறக்கும், விட்டால் மூடும். நையாண்டி மேளத்தின் தவில் அடிக்கு ஏற்ப ஆட வேண்டும், கூடவே நூலையும் கவனிக்க வேண்டும். வெயிலில், அந்த உடைக்குள்!

இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வந்ததாகச் சொல்ல முடியாது. நம்முடையது முருகனோடும் காவடியோடும் வருவது. ஆனால், தாய் மக்கள் சொல்லும் இளவரசன் - மயில் இளவரசி கதைக்கு இந்தியாவோடு தொடர்பு உண்டு. சுதனன் - மனோகரா என்ற பழைய பௌத்தக் கதைதான் அங்கே போய் மயில் உருவம் எடுத்தது.

இன்றைய நிலைமைதான் விநோதம். தாய் மயில் நடனம் 2006-லேயே சீனாவின் தேசிய மரபுக் கலைப் பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால், யுன்னான் காட்டின் பச்சை மயில்கள் சில நூறுதான் மிச்சம். அவற்றின் வாழிடம் மூழ்கிவிடும் என்று தொடரப்பட்ட வழக்கில், 2020 மார்ச்சில் குன்மிங் நீதிமன்றம் ஓர் அணைத் திட்டத்தையே நிறுத்தச் சொன்னது.

இங்கே கதை தலைகீழ். கோவை, திருப்பூர் பக்கம் மயில்கள் பயிரைத் தின்கின்றன என்று விவசாயிகள் புலம்புகிறார்கள். மயிலாட்டமோ கல்யாண மண்டப வாசலிலும் கட்சி விழா வரவேற்பிலும் நிற்கும் அலங்காரமாகச் சுருங்கி வருகிறது. செல்ஃபி எடுக்கிறோம், ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் போன்ற விழாக்களில் பூங்காவில் நின்று பார்க்க முடிகிறது. ஆனால், அது பொங்கலையொட்டிய சில நாட்கள் மட்டுமே. மற்றபடி திருவிழா சீசனை நம்பித்தான் கலைஞர்களின் பிழைப்பு.

ஆடிக் கிருத்திகைக்கு உங்கள் தெருவில் காவடியோடு மயில் வந்தால், போனை ஒரு நிமிஷம் இறக்கிவிட்டு அலகைக் கவனிங்க. தவில் அடியும் அது திறந்து மூடுவதும் சேர்ந்து வருதான்னு பாருங்க.