வளைந்த பெரிய மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் மேசையை அளந்து பாருங்கள்

அக்கா மகன் ஒரு வருடம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 49 இன்ச் வளைந்த கேமிங் மானிட்டர் வாங்கினான். பெட்டியைப் பிரித்த அன்று வீடே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. மூன்றாவது வாரம் எனக்கு போன் வந்தது.

“மாமா, மானிட்டர்ல ஏதோ கோளாறு போல. அரை மணி நேரம் விளையாடினா கண்ணு எரியுது, பிடரி இறுகிப்போகுது. கடையில கேட்டா செட்டிங்ஸை மாத்திப் பாருங்கன்னு சொல்றாங்க.”

நேரில் போய்ப் பார்த்தேன். மானிட்டரில் ஒரு குறையும் இல்லை. அது நின்ற மேசை, உட்காரும் பக்கத்திலிருந்து சுவர் வரை இரண்டு அடிகூட இல்லை. அதிலும் பெரும்பகுதியை ஸ்டாண்டின் கால்களே பிடித்துக்கொண்டிருந்தன. அவனை வழக்கம்போல் உட்காரச் சொல்லி, கண்ணிலிருந்து திரையின் நடுப்பகுதி வரை இன்ச் டேப்பைப் பிடித்தேன். 45 சென்டிமீட்டர். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டத்தைப் பார்த்தேன். வரைபடம் இடது மேல் மூலையில், துப்பாக்கியில் மிச்சமிருக்கும் குண்டுகளின் எண்ணிக்கை வலது கீழ் மூலையில். அதைப் பார்க்க ஒரு திரும்பல், இதைப் பார்க்க ஒரு திரும்பல். அவன் கழுத்து திரும்புவதை எண்ணத் தொடங்கி நூறில் நிறுத்திவிட்டேன்.

திரை பெரிதாக இருப்பதில் தவறில்லை. அந்தத் திரை கேட்கும் தூரத்தை நம் அறை கொடுக்குமா என்று பார்க்காமல் வாங்கும்போதுதான் கண்ணும் கழுத்தும் அவதிப்படுகின்றன.

வளைவு உண்மையில் என்ன செய்கிறது?

பெட்டியில் 1000ஆர், 1500ஆர், 1800ஆர் என்று போட்டிருப்பார்கள். திரையின் வளைவை ஒரு முழு வட்டமாக நீட்டினால் அந்த வட்டத்தின் ஆரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 1000ஆர் என்றால் ஒரு மீட்டர். எண் சிறிதாகச் சிறிதாக வளைவு கூடும்.

49 இன்ச் அகலத் திரை ஏறக்குறைய 120 செ.மீ. நீளம் வரும். அது தட்டையாக இருந்து, நீங்கள் நடுவில் 70 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால், ஓரங்கள் கண்ணிலிருந்து 92 செ.மீ. தொலைவில் இருக்கும். பார்வை நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் கண்ணின் லென்ஸ் குவியத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதே திரை 1000ஆர் வளைவில் இருந்தால் ஓரம் 77 செ.மீ.க்கு வந்துவிடும். கண்ணுக்கு அந்த அளவு வேலை மிச்சம்.

27 இன்ச்சில் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால், தட்டைத் திரையின் ஓரம் 67 செ.மீ., 1500ஆர் வளைவில் 64 செ.மீ. வித்தியாசம் மூன்றே சென்டிமீட்டர். ஆகவே 34 இன்ச்சுக்கு மேற்பட்ட அகலத் திரைகளில்தான் வளைவால் கண்ணுக்குச் சொல்லும்படியான பலன் உண்டு. சிறிய திரையில் “கண்ணுக்கு நல்லது” என்று சொல்லி வளைவுக்குக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

எவ்வளவு தூரம் வேண்டும்?

கண்ணுக்கும் திரைக்கும் இடையே 50 முதல் 100 செ.மீ. வரை இருக்கலாம் என்பது பொதுவான அளவு. பெரிய திரையானால் இந்த வரம்பின் மேல் பாதிக்குப் போக வேண்டும். 27 இன்ச்சுக்கு 60, 32 அல்லது 34 இன்ச்சுக்கு 70 முதல் 80, 49 இன்ச்சுக்கு 75 முதல் 100 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்மணி மட்டும் அசைந்து வசதியாகப் பார்ப்பது பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி வரைதான். அதைத் தாண்டினால் தலையும் கூடவே திரும்பும். அக்கா மகன் 45 செ.மீ.யில் உட்கார்ந்திருந்தபோது திரையின் ஓரம் 60 டிகிரிக்கும் அப்பால் இருந்தது. கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்?

பிக்சலையும் கவனிக்க வேண்டும். 32 இன்ச் திரையில் 1920க்கு 1080 பிக்சல் மட்டும் இருந்தால் ஓர் இன்ச்சுக்கு 69 பிக்சல்தான் வரும். எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். அதே அளவில் 2560க்கு 1440 என்றால் 92 வரும், படிக்க இதமாக இருக்கும். 4கே திரையில் இதற்கு நேர்மாறான சிக்கல். எழுத்து தெளிவாக இருக்கும், ஆனால் பொடியாக இருக்கும். படிப்பதற்காக உடம்பு தன்னையறியாமல் முன்னால் சாயும். விண்டோஸில் எழுத்தின் அளவை 125 அல்லது 150 சதவீதமாக்கிவிடுங்கள்.

கழுத்தும் நாற்காலியும்

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது தோளுக்கு நேர் மேலே இருக்கும்வரை கழுத்துக்குப் பாரம் தெரியாது. முன்னால் நீட்டினாலோ அண்ணாந்தாலோ பிடரித் தசைகள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். 32 இன்ச் திரையின் உயரமே 40 செ.மீ. வரும். அதற்குக் கீழே புத்தகங்களை அடுக்கி உயர்த்தினால் நாள் முழுக்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாத ஸ்டாண்டு உள்ள மானிட்டரை வாங்காமல் இருப்பது நல்லது.

நாற்பது வயதைத் தாண்டி ப்ரோக்ரஸிவ் கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அந்தக் கண்ணாடியில் கிட்டப் பார்க்கும் பகுதி கீழே இருக்கிறது. பெரிய திரையின் மேல்பகுதியைப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். பகலெல்லாம் இப்படிப் பார்த்தால் சாயங்காலம் பிடரி கல்லாகிவிடும். கண் பரிசோதனைக்குப் போகும்போது, உங்கள் திரை எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொண்டு போங்கள். அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதித் தருவார்கள்.

உட்காரும்போது பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். முழங்கை மேசையின் உயரத்துக்கு ஒத்து வர வேண்டும். அப்பாவின் நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்து விளையாடும் பிள்ளைக்குக் காலடியில் ஒரு மணைப்பலகை போட்டால்கூடப் போதும்.

கண் ஏன் எரிகிறது?

சாதாரணமாக நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரையில் ஆழ்ந்துவிட்டால் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். இமைக்கும்போதுதான் கண்ணீர்ப் படலம் விழியின் மேல் பரவுகிறது. இமைக்காத கண் காய்கிறது, எரிகிறது, பார்வை மங்கி மங்கித் தெளிகிறது. தலைக்கு மேல் மின்விசிறி வேகமாகச் சுற்ற, எதிரிலிருந்து ஏசிக் காற்று முகத்தில் அடிக்க விளையாடினால் இன்னும் சீக்கிரம் காயும். காற்று முகத்தில் படாதபடி இருக்கையைத் திருப்பிப் போடுங்கள்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்ப்பது பலரும் அறிந்த பழக்கம். கேம் ஆடுபவர்கள் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரு மேட்ச் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியை இதற்கு வைத்துக்கொள்ளலாம். எழுந்து ஜன்னலோரம் போய், எதிர்வீட்டு மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டே பத்து முறை முழுதாக இமைத்துவிட்டு வாருங்கள்.

கண் சிவந்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் அதிகம். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். மருத்துவர் சொல்லாமல் அதை நாள்கணக்கில் விட்டால் கண்ணின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பே பாதிக்கப்படலாம்.

வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்

புது மானிட்டர்கள் பெரும்பாலும் வீட்டுக்குத் தேவைப்படுவதைவிட அதிக வெளிச்சத்தோடுதான் வருகின்றன. அதைச் சரிசெய்ய ஒரு வெள்ளைத் தாள் போதும். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அறை விளக்கு எரியும்போது தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை டியூப்லைட் போலத் தனித்து ஒளிர்ந்தால் பிரகாசத்தைக் குறையுங்கள். தாளும் திரையும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரியும் இடமே சரியான அளவு. அறையை இருட்டாக்கிவிட்டு விளையாடாதீர்கள். திரைக்குப் பின்னால் மெல்லிய விளக்கு ஒன்று எரியட்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதன் ஒளி திரையில் நீண்டு தெரியும். பக்கவாட்டில் இருப்பதே நல்லது.

சில மானிட்டர்கள் ஒளியைக் குறைக்க, பின்விளக்கை அதிவேகமாக அணைத்து அணைத்து எரியவைக்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் சிலருக்குத் தலைவலி வரும். ‘ஃப்ளிக்கர் ஃப்ரீ’ சான்று உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி மாட்டிய பிறகும் விண்டோஸ் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஒருமுறை பார்த்து மாற்றிவிடுங்கள்.

நீல ஒளிக் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, அந்தக் கண்ணாடிகளால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. இரவில் பளீரென்ற திரை தூக்கத்தைத் தள்ளிப்போடும் என்பது வேறு விஷயம். அதற்கு மருந்து, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை அணைப்பதுதான்.

தலைச்சுற்றலும் வலிப்பும்

அகலத் திரை பக்கப் பார்வையையும் நிரப்பிவிடுகிறது. படம் ஓடுகிறது, உடம்பு அசையாமல் இருக்கிறது. கண் சொல்வதும் உள்காது சொல்வதும் பொருந்தாததால் சிலருக்குப் பஸ் பயணத்தில் வருவதைப் போலக் குமட்டும். கேமில் கேமரா குலுங்குவதையும் அசைவின்போது படம் மங்கலாவதையும் நிறுத்திவிட்டு, இருக்கையைப் பின்னால் தள்ளினால் பலருக்குச் சரியாகிவிடும்.

இதைவிட முக்கியமானது ஒளியால் தூண்டப்படும் வலிப்பு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னின. அன்று சுமார் 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இந்தப் பாதிப்பு வெகு சிலருக்கே உண்டு. ஆனால் பார்வையைத் திரை எவ்வளவு அடைக்கிறதோ அவ்வளவு ஆபத்து கூடும். வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்திருந்தால், பெரிய திரை வாங்கும் முன் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வலிப்பு வந்துவிட்டால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகிலிருக்கும் கூர்மையான பொருள்களை அகற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள்.

பிள்ளைகளுக்கு

வெட்டவெளியில் செலவிடும் நேரம் கூடக் கூட, பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது. தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியில் இருக்கட்டும். திரைக்கு நேரம் ஒதுக்குவதற்கு முன் இந்த இரண்டு மணி நேரத்தை ஒதுக்கிவிடுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இத்தனை மாற்றங்களையும் செய்து இரண்டு வாரம் கழிந்தும் எரிச்சலோ தலைவலியோ தீரவில்லை என்றால் கண் மருத்துவரைப் பாருங்கள். கழுத்து வலி கைக்கு இறங்கினாலும், விரல்கள் மரத்துப்போனாலும் தள்ளிப்போடாதீர்கள். கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டினாலோ, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் பார்வை மறைந்தாலோ அன்றே போக வேண்டும். அது விழித்திரை விலகுவதன் அறிகுறியாக இருக்கலாம்.

வாங்கும் முன் ஒரு சோதனை

அக்கா மகனின் மானிட்டரை நாங்கள் மாற்றவில்லை. ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு, அந்த எடையைத் தாங்கும் பிராக்கெட்டால் திரையைச் சுவரில் மாட்டினோம். மேசையைச் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் இழுத்துப் போட்டோம். 45 செ.மீ. 75 ஆனது. மூலைகளில் இருந்த வரைபடத்தையும் குண்டுக் கணக்கையும் கேம் செட்டிங்ஸில் நடுப்பக்கமாகக் கொண்டுவந்தான். பத்து நாளில் பிடரி இளகியது.

போன மாதம் அவனுடைய நண்பனும் அதே மானிட்டரை வாங்கக் கிளம்பினான். இவன் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, 120 செ.மீ. நீளமும் 34 செ.மீ. உயரமும் வெட்டி, நண்பனின் மேசைக்குப் பின்னால் சுவரில் டேப் போட்டு ஒட்டினான். “இதுக்கு முன்னாடி அரை மணி நேரம் உட்காரு. ரெண்டு மூலையிலயும் இருக்கிற செய்தியை மாத்தி மாத்திப் படி. அப்புறம் சொல்லு” என்றான். நண்பன் பத்து நிமிடத்தில் கழுத்தைத் தடவிக்கொண்டு எழுந்தான். தாளை இரு பக்கமும் 20 செ.மீ. வெட்டிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான். இப்போது அவன் மேசையில் இருப்பது 34 இன்ச்.