பிரசாரம்: ஒரு சொல்லின் பயணம்

"இந்தச் சிறுகதையில் பிரசார நெடி வீசுகிறது." நமது திறனாய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி தென்படும் வாக்கியம் இது. ஒரு படைப்பை ஒதுக்கித் தள்ளுவதற்கு இந்த ஒரு சொல்லே பலருக்குப் போதுமானதாக இருந்து வருகிறது. அதேவேளை சுகாதாரப் பிரசாரம், தேர்தல் பிரசாரம், சமயப் பிரசாரம் என்றெல்லாம் சொல்லும்போது நாம் எவரையும் இகழ்வதில்லை. ஒரே சொல் ஓரிடத்தில் சாதாரணச் சொல்லாகவும் இன்னோரிடத்தில் வசைச்சொல்லாகவும் இயங்குவது ஏன்? திறனாய்வில் இச்சொல்லை வசையாகக் கையாளும் வழக்கம், ஐரோப்பிய மொழிகளிலுள்ள 'புரொபகண்டா' என்ற சொல்லின் நிழலில் வளர்ந்தது என்றே நான் கருதுகிறேன். எனவே, அச்சொல்லின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

இதன் வேர் அரசியலில் இல்லை, தோட்டத்தில் இருக்கிறது. லத்தீன் மொழியில் 'புரொபகாரே' என்றால் பதியம் வைத்துப் பயிரைப் பெருக்குதல். முந்திரிகைக் கொடியின் ஒரு கிளையை வளைத்து, மண்ணுள் பதித்து, அது வேர்விட்ட பின்னர் தனிச் செடியாக்குகிறோம் அல்லவா? அந்தச் செயலைக் குறித்த சொல்லே பின்னர் பரப்புதல், பெருக்குதல் என்ற பொதுப்பொருளைப் பெற்றது.

1622இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி, கத்தோலிக்க மறைபரப்புப் பணிகளை மேற்பார்வை செய்ய ரோமாபுரியில் ஒரு திருச்சபைப் பேராயத்தை நிறுவினார். அதன் லத்தீன் பெயர் 'பரப்பப்பட வேண்டிய விசுவாசத்துக்கான பேராயம்' என்று பொருள்படும். 'பரப்பப்பட வேண்டிய' என்பதைக் குறித்த சொல்தான் 'புரொபகண்டா'. மக்கள் நீண்ட பெயரைச் சுருக்கி, அந்த நிறுவனத்தையே 'புரொபகண்டா' என்று அழைத்தனர். இவ்வாறு ஓர் எச்சச்சொல் பெயர்ச்சொல்லாயிற்று. அப்பேராயத்துக்குப் பழுது எதுவும் அன்று கற்பிக்கப்படவில்லை என்று சொல்ல முடியாது. புரட்டஸ்தாந்து நாடுகளில், ரோமாபுரியின் கை எங்கும் நீள்கிறது என்ற ஐயம் இருந்தது. ஒருவருக்குத் திருப்பணியாகத் தோன்றுவது இன்னொருவருக்குச் சதியாகத் தோன்றுவதை இச்சொல் ஆரம்பத்திலேயே கண்டுவிட்டது.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இது சமயத்திலிருந்து அரசியலுக்குத் தாவியது. புரட்சிக் கருத்துக்களைப் பிறநாடுகளில் விதைக்கும் முயற்சியை மன்னராட்சியின் ஆதரவாளர்கள் இப்பெயரால் சுட்டினர். 1870களில் அராஜகவாதிகள், 'செயலால் பிரசாரம்' என்ற தொடரை உருவாக்கினர். ருஷ்யாவிலோ இச்சொல் பெருமைக்குரிய ஒன்றாயிற்று. பலருக்கு ஒரு கருத்தைச் சொல்லி உணர்ச்சியூட்டுபவர் கிளர்ச்சியாளர், சிலருக்குப் பல கருத்துக்களை விளக்குபவர் பிரசாரகர் என்று பிளெக்கனோவ் வகுத்தார். லெனினும் 1902இல் வெளிவந்த 'என்ன செய்ய வேண்டும்?' என்ற நூலில் இப்பாகுபாட்டை எடுத்தாண்டார். அதாவது, ருஷ்ய மார்க்சியரிடையே பிரசாரகர் என்பவர் ஆறுதலாக விளக்கும் ஓர் ஆசிரியர்.

அப்படியானால் இச்சொல்லில் கறை எப்போது படிந்தது? முதலாவது உலக மகாயுத்தத்தின்போதே என்று சொல்லலாம். 1914 செப்டெம்பரில் பிரித்தானிய அரசாங்கத்தின் சார்பில் சாள்ஸ் மாஸ்டர்மன் என்பவர், புகழ்பெற்ற எழுத்தாளர்களை லண்டனில் கூட்டினார். தோமஸ் ஹார்டி, எச். ஜி. வெல்ஸ், ஆர்தர் கொனன் டொயில் போன்றோர் அதில் கலந்துகொண்டனர். அந்த அலுவலகம் 'வெலிங்டன் ஹவுஸ்' என்ற கட்டடத்தில் இயங்கியது. அது தயாரித்த நூல்கள் வர்த்தக வெளியீட்டாளர்களின் பெயரிலேயே வந்தன. பின்னால் அரசாங்கம் இருந்தமை வாசகருக்குத் தெரியாது. யுத்தம் முடிந்தபின், எதிரியைப் பற்றிப் பரப்பப்பட்ட பல கதைகள் பொய் என்பது வெளிப்பட்டது. ஆர்தர் பொன்சன்பி 1928இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதே 1928இல் அமெரிக்காவில் எட்வர்ட் பேர்னேஸ், 'புரொபகண்டா' என்ற பெயரிலேயே நூல் எழுதி இச்சொல்லின் மானத்தைக் காக்க முயன்றார். ஆயினும் அத்தொழில் செய்வோர் 'பொதுசனத் தொடர்பு' என்ற பெயரையே விரும்பி ஏற்றனர். 1933இல் ஜேர்மனியில் கோயபெல்ஸ் தலைமையில் அமைந்த அமைச்சு இச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கியது. அதன் பிறகு, ஆங்கிலத்தில் இச்சொல் மீட்சி பெறவேயில்லை.

எல்லா மொழிகளிலும் இதே நிலைதான் என்று எண்ணிவிடக் கூடாது. போர்த்துக்கேய மொழியில் 'புரொபகண்டா' என்றால் இன்றும் சாதாரண வர்த்தக விளம்பரந்தான். ஸ்பானிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் தேர்தல் சட்டங்களே வேட்பாளரின் பிரசாரத்தை இச்சொல்லால் குறிப்பிடுகின்றன. ரோமாபுரியிலிருந்த பேராயமோ 1967இல் 'மக்களுக்கு நற்செய்தி அறிவித்தல்' என்ற கருத்துள்ள புதுப் பெயரைப் பெற்றது. 2022இல் அது வேறொரு துறையுடன் இணைக்கப்பட்டது. பெற்றவரே கைவிட்ட சொல் இது.

இந்தப் பயணத்திலிருந்து நான் அவதானிப்பது ஒன்று. பரப்பியதற்காக இச்சொல் இழிவடையவில்லை, மறைத்துப் பரப்பியதாலேயே இழிவடைந்தது. பேசுபவர் யார் என்பதை மறைப்பது, தெரிந்த உண்மையின் பாதியை ஒளிப்பது ஆகிய இரண்டுமே குற்றங்கள்.

இந்த அளவுகோலை நமது இலக்கியத்துக்குப் பொருத்திப் பாருங்கள். திருஞானசம்பந்தரின் பதிகங்கள் பலவற்றில் பத்தாவது பாடல் சமணரையும் பௌத்தரையும் சாடுகிறது. அவர் தமது சமயத்தைப் பரப்பவே பாடினார், அதை மறைக்கவுமில்லை. அதற்காக அவற்றின் கவித்துவத்தை எவரும் மறுப்பதில்லை. மக்சிம் கோர்க்கியின் 'தாய்' நாவலும் அவ்வாறே தான் நிற்கும் பக்கத்தைப் பகிரங்கமாகச் சொல்கிறது. அதில் குறை காண்பவர்கள், பாத்திரங்கள் உயிர்ப்பாக இல்லை என்று சொல்லட்டும். அது கலை பற்றிய விமர்சனம். 'பிரசாரம்' என்று மட்டும் சொல்லி நிறுத்துவது விமர்சனமாகாது.

நமது எழுத்துலகில் முற்போக்காளரும் அவர்களை மறுத்தவர்களும் இச்சொல்லை வைத்து நெடுங்காலம் வாதாடியிருக்கின்றனர். அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் சரி என்று இங்கு தீர்ப்புக் கூற நான் முற்படவில்லை. ஒரு வேண்டுகோளை மட்டும் முன்வைக்கிறேன். இனி ஒரு படைப்பில் பிரசாரம் இருப்பதாகத் தோன்றினால், இது எதைச் சொல்கிறது என்று கேட்பதோடு நில்லாமல், எதைச் சொல்லாமல் விடுகிறது என்றும் கேட்டுப் பாருங்கள். கட்சி சார்ந்த கதைக்கு மட்டுமல்ல, கட்சி சாராதது என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் கதைக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். பதியம் வைப்பவர் பட்டப்பகலில் எல்லோரும் பார்க்கவே மண்ணைக் கிளறுகிறார். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.