மடிக்கணினி வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகுமுன் இதைப் படியுங்கள்

உயர்கல்விக் கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் வீடே மகிழ்ச்சியில் நிறையும். அடுத்த வாரமே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். பதிவுக் கட்டணம், விடுதிக் கட்டணம், மெத்தை விரிப்பு, வாளி, பேருந்துச் செலவு என்று நீளும் பட்டியலில் பெரும்பாலும் மிகப் பெரிய தொகை மடிக்கணினிக்குத்தான் போகும்.

நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு மடிக்கணினி 2,500 வெள்ளி என்றால், அந்தச் சம்பளம் வாங்கும் அப்பாவோ அம்மாவோ ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்க்க வேண்டிய பணம் அது. அதனால்தான் "நல்ல லேப்டாப் எது, அக்கா?" என்று தம்பி தங்கைகள் கேட்கும்போது நான் உடனே ஒரு பெயரைச் சொல்வதில்லை. "நீ என்ன படிக்கப் போகிறாய்? கையில் எவ்வளவு இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்கிறேன். ஸ்கூடாய் யு.டி.எம்., பாரிட் ராஜா யு.டி.எச்.எம்., பாசிர் கூடாங் பொலிடெக்னிக், தங்காக் மெட்ரிகுலேஷன் என்று எங்கே போனாலும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். எல்காட் என்ற அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்து கொடுத்தது. மாணவர் தேர்ந்தெடுக்க அதில் ஒன்றுமில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நம் நாட்டில் 2022-இல் விண்ணப்பம் திறக்கப்பட்ட பெராந்திசிஸ்வா திட்டத்தில் பி40 குடும்பத்து உயர்கல்வி மாணவர்களுக்குத் தட்டைக் கணினி கிடைத்தது. பாடக்குறிப்பு படிக்கவும் இணைய வகுப்பில் சேரவும் அது உதவும். ஆனால் பொறியியல் வரைபட மென்பொருளை அதில் ஓட்ட முடியாது. ஆகவே நம்மில் பெரும்பாலோர் சொந்தப் பணத்தில், சொந்தமாகத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

படிப்புக்கு ஏற்ற கணினி

கணக்கியல், சட்டம், கல்வியியல், மொழி, தாதியர் படிப்பு ஆகியவற்றுக்கு எழுதுவது, படைப்புத் தாள்கள் தயாரிப்பது, இணையத்தில் தேடுவது, காணொளி வகுப்பு ஆகியவையே முக்கிய வேலைகள். இவற்றுக்கு 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி. சேமிப்பும் போதும். 512 ஜிபி கிடைத்தால் நிம்மதி. இந்தப் பிரிவு மாணவர்கள் விளையாட்டுக்கென்று தயாரிக்கப்பட்ட கனமான கணினியை வாங்கினால், பயன்படுத்தாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார்கள். அதோடு இரண்டு கிலோவுக்கு மேலான சுமையை நான்கு ஆண்டுகள் தோளில் சுமக்கவும் வேண்டும்.

கணினியியல் மாணவர்களுக்கு 16 ஜிபி ரேம் தேவை. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவையும் இணைய உலாவியையும் ஒன்றாகத் திறந்தாலே 8 ஜிபி மூச்சுத் திணறும்.

பொறியியல், கட்டடக்கலை மாணவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சாலிட்வொர்க்ஸ், ரெவிட் இரண்டும் விண்டோசுக்காக மட்டுமே வெளிவருபவை. ஆப்பிள் மேக்புக் அருமையான கணினிதான். ஆனால் அந்தத் துறையில் சேர்ந்தவர் அதை வாங்கிவிட்டுப் பிறகு வழி தேடி அலையக் கூடாது. முப்பரிமாண வேலை அதிகம் என்றால் தனி கிராபிக்ஸ் அட்டை உள்ளதாகப் பார்க்கலாம். முதலாம் ஆண்டிலேயே அது தேவையா, பிரிவின் கணினிக் கூடத்தில் செய்துகொள்ள முடியுமா என்று அதே துறையில் படிக்கும் மூத்த மாணவர் ஒருவரிடம் கேளுங்கள். அந்தப் பத்து நிமிடப் பேச்சு உங்களுக்கு ஆயிரம் வெள்ளியை மிச்சப்படுத்தலாம்.

விலைச்சீட்டில் எழுதியிருப்பதன் பொருள்

ரேம் என்பது நாம் வேலை செய்யும் மேசை. சேமிப்பகம் என்பது அலமாரி. மேசை சிறியதாக இருந்தால் இரண்டு புத்தகங்களை விரித்து வைக்க முடியாது. அலமாரி சிறியதாக இருந்தால் புத்தகங்களை வைக்கவே இடமிருக்காது. ரேம் பலகையோடு ஒட்டப்பட்டதா, பின்னால் கூட்ட முடியுமா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். கூட்ட முடியும் என்றால் இப்போது 8 ஜிபி வாங்கி, கையில் காசு சேர்ந்தபின் 16 ஆக்கலாம். ஒட்டப்பட்டது என்றால் வாங்கும் நாளில் உள்ளதுதான் கடைசிவரை.

சேமிப்பகத்தில் 'இஎம்எம்சி' என்ற சொல்லைப் பார்த்தால் சற்று நில்லுங்கள். அது எஸ்.எஸ்.டி.யைவிட மெதுவானது, பலகையோடு ஒட்டியிருப்பதால் மாற்றவும் முடியாது. கூலாயில் இருக்கும் என் சித்தி மகளுக்கு ஒரு கடையில் 64 ஜிபி இஎம்எம்சி உள்ள கணினியை "மாணவர்களுக்கு ஏற்றது" என்று சொல்லி விற்றார்கள். விலை குறைவுதான். ஆனால் விண்டோஸ் 11-க்கு வேண்டிய குறைந்தபட்ச இடமே 64 ஜிபி. சில மாதங்களில் விண்டோஸ் புதுப்பிப்பை இறக்க இடமில்லாமல் அவள் தன் இடுபணிக் கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து புரோசெசர். 'ஐ7' என்றாலே 'ஐ5'-ஐவிடச் சிறந்தது என்று பலர் நினைக்கிறோம். பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ5-1235யூ என்றால் முதல் இரண்டு இலக்கம் 12-ஆம் தலைமுறையைக் குறிக்கும். ஐ7-8550யூ என்பது 2017-இல் வந்த 8-ஆம் தலைமுறை. இங்கே ஐ5-தான் வேகமானது. இப்போது இன்டெல் 'கோர் அல்ட்ரா' போன்ற புதிய பெயர்களையும் பயன்படுத்துகிறது. அப்போது அந்த மாடல் எந்த ஆண்டு வந்தது என்று கேளுங்கள்.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையில் வேறொரு நுட்பம் உண்டு. மூன்றாவது இலக்கமே உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். ரைசன் 5 7520யூ என்ற பெயரில் முதல் எண் 7 என்பது 2023-ஆம் ஆண்டு வரிசை. மூன்றாவது எண் 2 என்பது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. எழுத்து வேலைக்கு இது போதும். ஆனால் புதிய சரக்கு என்று நினைத்து அதிக விலை கொடுக்கக் கூடாது.

கடைசியில் வரும் எழுத்தையும் பாருங்கள். 'யூ' என்றால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும். 'எச்' என்றால் வேகம் அதிகம், மின்கலம் சீக்கிரம் தீரும். மின்கலத்தின் அளவு வாட்-மணியில் எழுதப்பட்டிருக்கும். 50 வாட்-மணி மின்கலம் உள்ள கணினி சராசரியாக 8 வாட் செலவழித்தால் ஆறு மணி நேரம் தாங்கும். விரிவுரை மண்டபத்தில் மின்செருகி எல்லாருக்கும் கிடைக்காது. எனவே இந்தக் கணக்கு முக்கியம். திரை 1920-க்கு 1080 புள்ளிகள் உள்ளதாகவும் ஐபிஎஸ் வகையாகவும் இருந்தால் கண்ணுக்கு நல்லது.

பாலத்தைத் தாண்டினால் மலிவா?

ஜொகூர்க்காரர்களான நமக்கு மட்டும் இன்னொரு கேள்வி உண்டு. அப்பாவோ அண்ணனோ சிங்கப்பூரில் வேலை செய்தால், "அங்கேயே வாங்கி வரச் சொல்லலாமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள்.

சிங்கப்பூரில் ஜி.எஸ்.டி. 2024-இலிருந்து 9 விழுக்காடு. விலைச்சீட்டில் 1,090 டாலர் என்றிருந்தால் அதில் 90 டாலர் வரி. சுற்றுப்பயணிகளுக்கு அந்த வரியைத் திருப்பித் தருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் உட்லண்ட்ஸ், துவாஸ் தரைவழிச் சோதனைச் சாவடிகளில் அது கிடையாது. சாங்கி, சிலேத்தார் விமான நிலையம் போன்ற வழிகளில் வெளியேறுபவருக்கே உண்டு. அங்கு வேலை அனுமதி வைத்திருப்பவர் சுற்றுப்பயணியாகவும் கருதப்படமாட்டார். எனவே காஸ்வேயில் பேருந்து ஏறி வரும் நமக்கு அந்த 90 டாலர் போனதுதான்.

அதோடு உத்தரவாதத்தையும் கேளுங்கள். சில நிறுவனங்களின் சில மாடல்களுக்கே அனைத்துலக உத்தரவாதம் உண்டு. இல்லையென்றால் பழுதாகும் ஒவ்வொரு முறையும் கணினியைத் தூக்கிக்கொண்டு பாலம் கடக்க வேண்டும். அன்றைய நாணய மாற்று விகிதத்தில் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்து, உத்தரவாதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, அதன்பிறகும் மலிவாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

பழைய கணினி வாங்கலாமா?

கையில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு வெள்ளிதான் இருக்கிறது என்றால், அந்த விலைக்குக் கிடைக்கும் மிக மலிவான புதுக் கணினியைவிட, அலுவலகங்களில் பயன்படுத்திய திங்க்பேட், லேட்டிட்யூட், எலீட்புக் போன்றவை நன்றாக உழைக்கும் என்பது என் கருத்து. அலுவலகப் பயன்பாட்டுக்காகத் திடமாகச் செய்யப்பட்டவை அவை; பல மாடல்களில் ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் மாற்ற முடியும்.

ஆனால் ஓர் எல்லை உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறையாக நிறுவ, இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அதற்கு முந்தியதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வாங்குமுன் கடையிலேயே திறந்து எல்லா விசைகளையும் அழுத்திப் பாருங்கள். கேமரா, ஒலிபெருக்கி, வைஃபை, யுஎஸ்பி துளைகள், திரையின் கீல் அனைத்தையும் சோதியுங்கள். விண்டோசிலேயே மின்கல அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. விற்பவரை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோது 50 வாட்-மணி, இப்போது முழுதாக ஏற்றினால் 30 என்றால் அறுபது விழுக்காடுதான் மிச்சம். புது மின்கலத்தின் விலையைக் கழித்துப் பேரம் பேசலாம். முந்தைய நிறுவனத்தின் கடவுச்சொல் பூட்டு எதுவும் இல்லை என்பதையும் உறுதி செய்யுங்கள்.

பணம் எங்கிருந்து?

பி.டி.பி.டி.என். கடனுதவி கிடைக்கும் என்று நம்பித்தான் பலர் கணினி வாங்கத் திட்டமிடுகிறோம். ஆனால் முதல் தவணைப் பணம் பதிவு நாளுக்குப் பிறகுதான் கைக்கு வரும். குறைந்த வருமானக் குடும்பத்திலிருந்து அரசாங்க உயர்கல்விக் கூடத்திற்குச் செல்வோருக்கு 1,500 வெள்ளி வரை முன்பணம் கொடுக்கும் திட்டமும் உண்டு. தகுதி விவரங்களை அவர்களின் அகப்பக்கத்தில் பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: முன்பணமும் கடனின் ஒரு பகுதிதான். இன்று தேவைக்கு மேல் வாங்கும் ஆயிரம் வெள்ளியைப் பட்டம் பெற்ற பிறகு நாமேதான் திருப்பிக் கட்டுவோம்.

மாதத் தவணையில் தருகிறோம் என்றால் மாதத் தொகையை மட்டும் பார்க்காமல் பெருக்கிப் பாருங்கள். ரொக்கத்திற்கு 2,400 வெள்ளி உள்ள கணினியை மாதம் 95 வெள்ளி வீதம் 36 மாதம் கட்டினால் மொத்தம் 3,420. கூடுதலாகப் போன 1,020 வெள்ளியில் பழைய கணினி ஒன்றையே வாங்கிவிடலாம்.

பெற்றோர் வருமான வரி கட்டுபவர் என்றால் ரசீதை அவர் பெயரில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வாங்கும் கணினியும் வாழ்க்கைமுறை வரிக்கழிவில் சேரும். புத்தகம், கைப்பேசி, இணையக் கட்டணம் ஆகியவற்றோடு சேர்த்து ஆண்டுக்கு 2,500 வெள்ளி வரை கழிக்கலாம். 6 விழுக்காட்டு வரி அடுக்கில் இருப்பவருக்கு இதனால் மிஞ்சுவது 150 வெள்ளி. பெரிய தொகை இல்லை என்றாலும் ஒரு நல்ல பையும் சுட்டியும் வாங்கலாம்.

மென்பொருளுக்குப் பணம் கொடுக்க அவசரப்படாதீர்கள். பல பல்கலைக்கழகங்கள் மாணவர் மின்னஞ்சல் வழியாக மைக்ரோசாஃப்ட் 365-ஐ இலவசமாகத் தருகின்றன. ஆட்டோடெஸ்க் நிறுவனமும் மாணவர்களுக்கு ஆட்டோகேட், ரெவிட் ஆகியவற்றை இலவசமாக வழங்குகிறது. "எல்லாம் போட்டுத் தருகிறோம்" என்று கடையில் நூறு, இருநூறு வெள்ளி கேட்டால், எதைப் போடுகிறார்கள், அதற்கு உரிமம் உண்டா என்று கேளுங்கள்.

ஏமாற்றப்பட்டால்

ரசீதில் மாடல் எண், ரேம், சேமிப்பு, உத்தரவாதக் காலம் நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனு செய்யலாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்த மன்றம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். கையில் ரசீது இருந்தால்தான் நம் பேச்சுக்கு வலு இருக்கும்.

ஆகவே, தம்பி தங்கைகளே, கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: என் படிப்புக்குத் தேவையான மென்பொருள், வேண்டிய ரேமும் சேமிப்பும், தூக்கக்கூடிய எடை, இதற்கு மேல் ஒரு வெள்ளிகூடக் கூடாது என்ற தொகை. விற்பனையாளர் பேசப் பேச அந்தத் தாளைப் பாருங்கள். அதில் இல்லாத ஒன்றுக்காக அவர் விலையைக் கூட்டினால், "அப்பாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லி வெளியே வந்துவிடுங்கள். அடுத்த வாரமும் கடை திறந்துதான் இருக்கும்.