நீராவியின் மறுவாழ்வு - 6: சக்கரமும் அச்சும்

சென்ற வாரம் கொதிகலனைப் பற்றிச் சொன்னோம். பழைய நீராவி எஞ்சின் ஒன்றைக் காட்சிசாலையிலிருந்து மீட்டு மறுபடி ஓட்டப் புறப்படுகிறவர்களுக்குக் கொதிகலனே முதற்கவலை என்பது உண்மைதான்; சட்டத்தின் கண்ணும் இன்ஷூரன்ஸ்காரரின் கண்ணும் அதன் மேலேயே பதிந்திருக்கின்றன. ஆனால் சக்கரமும் அச்சும் செம்மையாக இல்லாத எஞ்சினில் எத்தனை நல்ல நீராவி எழுந்தாலும் அது பத்து மைல் போவது சந்தேகம். போனாலும், தன் காலால் திரும்பி வருமென்பதற்கு யாதொரு நிச்சயமும் இல்லை.

எஞ்சின் சக்கரம் ஒரே வார்ப்பு என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் ஆரக்கால்களோடு கூடிய சக்கரம் வேறு. தண்டவாளத்தோடு உராய்ந்து தேய்வதற்கென்றே அதன் மேல் பூட்டப்படும் எஃகு டயர் வேறு. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி ஏற்றி, நீரூற்றி இறுக வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தையின் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. அளவின் நுட்பம் ஒன்றுதான் வேறு. டயரின் உள்விட்டத்தைச் சக்கரத்தின் விட்டத்தைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு போலக் குறைத்துக் கடைகிறார்கள். 6 அடி 8 அங்குலச் சக்கரமானால் குறைவு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். சுற்றிலும் வாயுச் சுடரை ஏற்றிச் சூடாக்கியதும் டயர் விரிகிறது. அதற்குள் சக்கரத்தை இறக்கி ஆறவிட்டால், சம்மட்டிக்கும் அசையாத பிடிப்பு உண்டாகிவிடுகிறது. தேயத் தேயக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி அதன் வடிவத்தைத் திருத்தலாம். எனினும் இணைப்புத் தண்டால் கட்டுண்ட சக்கரங்கள் எல்லாம் ஒரே விட்டத்தில் இருந்தாக வேண்டுமாதலால், ஒன்றின் தேய்மானத்துக்காக மற்றவையும் தம் எஃகை இழக்க நேரும். கடைசியில் டயர் மெலிந்து, அனுமதிக்கப்பட்ட கனத்துக்குக் கீழே போய்விட்டால், புதியது வார்த்துருட்டி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அச்சின் பரீட்சை இதைவிடக் கடுமையானது. 1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி வெர்சாய் நகரிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றி, ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒவ்வொரு சுழற்சியிலும் மயிரிழை மயிரிழையாக வளர்ந்து ஒரு நாள் அச்சையே துண்டாக்கும் என்ற உண்மையை அந்தக் காலத்து விபத்துக்களே பொறியாளர்களுக்குப் போதித்தன. இன்று செவிக்கெட்டாத ஒலியலையைச் செலுத்தி அச்சின் உட்புறத்தைச் சோதிக்காமல் எந்தப் பொறுப்புள்ள பட்டறையும் சக்கரத்தைத் திருப்பித் தருவதில்லை. அமெரிக்க யூனியன் பசிபிக் கம்பெனி, 1941-இல் பிறந்த 4014 என்ற ‘பிக் பாய்’ எஞ்சினை 2013-இல் காட்சிசாலையிலிருந்து மீட்டு, 2019-இல் மறுபடி ஓட்டியது. அவ்வளவு பெரிய கம்பெனியும் 68 அங்குல விட்டமுள்ள அந்த எஞ்சினின் இயக்குசக்கரங்களைத் தன் ஷையன் பட்டறையில் வைத்துக்கொள்ளாமல், பென்ஸில்வேனியாவில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க் என்னும் சிறிய ரயில்வேயின் பட்டறைக்கு அனுப்பித்தான் சீர்செய்தது. இந்தக் கலை இப்போது அப்படிச் சில இடங்களில் மட்டுமே பிழைத்திருக்கிறது.

இனி, பேரிங். நம் விஷயத்தின் உயிர்நிலை இதுவே.

பழைய எஞ்சின்களின் ஆக்ஸில் பெட்டியில் அச்சின் கழுத்தின் மேல் உட்காருவது ஒரு வெண்கலக் கட்டி. அதன் உட்புறத்தில் வெள்ளீயமும் ஆண்டிமணியும் சிறிது தாமிரமும் கலந்த மெத்தென்ற உலோகம் வார்க்கப்பட்டிருக்கும். 1839-இல் ஐஸக் பாபிட் என்ற அமெரிக்கர் இம்முறைக்கு உரிமை பெற்றார். இந்தக் கலவை உருகுவதற்கு ஏறக்குறைய 240 டிகிரி வெப்பம் போதும். அது குறையன்று, எண்ணெய் வற்றிச் சூடேறும்போது விலை குறைந்த கலவை தான் உருகி, விலை உயர்ந்த அச்சைக் காப்பாற்றிவிடுகிறது. புதுப்பிக்கும்போது பழைய கலவையை உருக்கி வடித்துவிட்டு, வெண்கலத்துக்கு ஈயம் பூசி, அகப்பையால் புதுக் கலவையை வார்த்து, குடைந்து, அச்சின் கழுத்தில் நீலச் சாயம் தடவிச் சுழற்றி, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டிச் சுரண்டிப் பொருத்துகிறார்கள். இங்கே விரல்நுனியே அளவுகோல். அவசரக்காரருக்கு இந்த வேலை ஒருகாலும் வராது.

இவ்வளவு மிருதுவான உலோகத்தின் மேல் டன் கணக்கான பாரத்தோடு அச்சு சுழன்றும் அது தேய்ந்து போகாதது எப்படி? இந்த ரகசியம் 1883-இல் இங்கிலாந்தில் தற்செயலாக வெளிப்பட்டது. இயந்திரப் பொறியாளர் சங்கத்துக்காக ரயில் அச்சுக்களின் உராய்வைச் சோதித்துக்கொண்டிருந்த போஷாம் டவர், எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளிவந்தது. மரமுளையை அடித்தார், அதுவும் வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, பாரத்தின் சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டாக இருக்க, கருவியின் முள் 200-ஐயும் தாண்டி நின்றது. சுழலும் அச்சு தன்னோடு எண்ணெயை இழுத்துச் சென்று, ஆப்புப் போல் இடுக்கில் செருகி, அந்த எண்ணெய் ஏட்டின் மேல் மிதக்கிறது என்பது அப்போதுதான் பிரத்தியட்சமாயிற்று. 1886-இல் ஆஸ்பர்ன் ரெய்னால்ட்ஸ் அதற்குக் கணிதம் வகுத்தார். உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. ஆகையால், உச்சியில் எண்ணெய்த் துளை வைப்பதைவிட உச்சியை ஊனமின்றி விட்டு, கீழிருந்து எண்ணெய் தோய்ந்த மெத்தையால் அச்சின் கழுத்தை நனைப்பதே உத்தமம் என்று பிற்காலத்துப் பொறியாளர்கள் கண்டார்கள்.

அந்த எண்ணெய் ஏடு கிழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ‘மல்லார்ட்’ சாட்சி. 1938 ஜூலை 3-ஆம் தேதி மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டி நீராவி எஞ்சின்களின் உலக சாதனையை நிறுவிய அந்த எஞ்சினில், நடு சிலிண்டரின் இணைப்புத் தண்டுப் பேரிங்கில் சூடானால் சோம்பு மணம் வீசும் ஒரு குப்பியை வைத்திருந்தார்கள். மணம் வந்தது. கலவை உருகிவிட்டிருந்தது, சாதனை புரிந்த எஞ்சின் பீட்டர்பரோவில் கழற்றிவிடப்பட, லண்டனுக்கு ரயிலை இழுத்துச் சென்றது ஒரு பழைய எஞ்சின்.

ரோலர் பேரிங் இந்த ஆபத்துக்கு மாற்றாக வந்தது. கூம்பு வடிவ உருளைகளுக்கு 1898-இல் உரிமை பெற்ற டிம்கென் என்பவரின் கம்பெனி, 1930-இல் அச்சுகள் அனைத்திலும் ரோலர் பேரிங் பொருத்திய 1111 எண்ணுள்ள எஞ்சின் ஒன்றைக் கட்டுவித்து, அமெரிக்க ரயில்வேக்கள் பலவற்றிலும் ஓட்டிக் காட்டியது. முந்நூறு டன்னுக்கு மேற்பட்ட அதைச் சில பெண்கள் கையால் இழுத்து நகர்த்தியதைப் படம் பிடித்து விளம்பரமும் செய்தது. இந்த விளம்பரம் பாதி உண்மைதான் என்பது என் எண்ணம். நிற்கும் எஞ்சினில் எண்ணெய் பிதுங்கி வெளியேறி உலோகத்தோடு உலோகம் ஒட்டிக்கொள்வதால், நகரத் தொடங்கும் கணத்தில் பழைய பேரிங்கின் தடை மிக அதிகம். அங்கேதான் ரோலரின் வெற்றி. ஓட்டம் பிடித்த பிறகு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சொற்பமே. ரயில்வேக்கள் ரோலரை நாடியதற்கு மெய்யான காரணம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எண்ணெய்க் குப்பியோடு குனிந்து நிமிரும் உழைப்பை அது மிச்சப்படுத்தியதும், பெரிய பழுதுபார்ப்புகளுக்கிடையே அதிக மைல் ஓடியதுமே ஆகும்.

இங்கிலாந்தில் 1948-49-இல் கட்டப்பட்ட 49 பெப்பர்கார்ன் ஏ1 எஞ்சின்களில் ஐந்துக்கு மட்டும் டிம்கென் ரோலர்கள் கிடைத்தன. அவ்வினம் முழுவதும் 1960-களில் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. அன்பர்கள் 1990-இல் டிரஸ்ட் ஒன்றை அமைத்து, டார்லிங்டனில் புதிதாகவே கட்டி 2008-இல் ஓட்டிய 60163 ‘டார்னேடோ’வுக்கு, முன்னோடிகள் 44-இன் வழியை விட்டு அந்த ஐந்தின் வழியையே தேர்ந்தார்கள். இதைப் பரம்பரைத் துரோகம் என்று குறைகூறுவது எனக்குச் சம்மதமில்லை. வேகமாகச் செல்லும் மின்சார ரயில்களுக்கு நடுவே ஓட வேண்டிய எஞ்சின் வழியில் சூடாகி நின்றால், அதற்குப் பின்னால் நிற்கும் ரயில்கள் எத்தனை!

ஆனால் அதே சிகிச்சையை எல்லா எஞ்சின்களுக்கும் செய்யப் புறப்படுவது விவேகமாகாது. ரோலரின் உள்வளையத்தை அச்சில் ஏற்றுவதற்குச் சக்கரத்தை நூறு டன்னுக்கு மேற்பட்ட அழுத்தத்தால் கழற்றியாக வேண்டும். மறுபடி ஏற்றும்போது இருபுறத்துக் கிராங்குகளும் தம் கோணத்தில் இம்மியும் பிசகாமல் அமைய வேண்டும். பிசகினால் தண்டுகள் ஒன்றோடொன்று போராடும். ஆண்டில் பெரும்பகுதி கொட்டகையில் சும்மா நிற்கும் எஞ்சினில் ஈரம் புகுந்து உருளைகள் துருப்பிடிக்கும். அப்போது அகப்பையும் சுரண்டியும் உதவா. பெரிய பேரிங்கைத் தனியாகச் சொல்லிச் செய்விக்க வேண்டும். இங்கிலாந்தின் பாரம்பரிய ரயில்பாதைகளில் பொதுவாக மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடுவதில்லை; அந்த வேகத்துக்கு வெள்ளீயக் கலவை தாராளமாகப் போதும். பெருவழியில் ஓடுவதற்கு ரோலர், சிறுவழியில் ஓடுவதற்குப் பழைய பேரிங் என்பதே என் தீர்ப்பு. எந்த எஞ்சினுக்கு எதைப் பொருத்தினாலும், கழற்றிய பழைய ஆக்ஸில் பெட்டிகளைப் பழைய இரும்புக்காரரிடம் விற்காமல் எண்ணிட்டுப் பாதுகாக்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீராவி எஞ்சின் ஓடும் இடத்துக்கு எப்போதாவது போனால், ரயில் நின்றதும் இறங்கி ஒவ்வொரு ஆக்ஸில் பெட்டியையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு போகும் மனிதரிடம் அந்நேரத்தில் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். அவர் வேலை முடிந்த பிறகு கேளுங்கள், சந்தோஷமாகவே சொல்லுவார்.

அடுத்த வாரம், சிலிண்டரும் பிஸ்டனும்.

(தொடரும்)