மேப்பிள் பாகு காய்ச்சும் கொட்டகை

வெர்மான்ட், அமெரிக்கா
பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை

இரவில் உறைபனி, பகலில் இளவெயில். இப்படி மாறி மாறி வரும்போதுதான் சர்க்கரை மேப்பிள் மரங்களில் சாறு ஓடும். வயலில் இன்னும் பனி கிடப்பதால் உழவு கிடையாது. பண்ணையில் ஆண்டின் முதல் விளைச்சல் இந்தச் சாறுதான். ஐரோப்பியர் குடியேறும் முன்பே இப்பகுதியின் அபெனாகி மக்கள் மேப்பிள் சாற்றை எடுத்துப் பயன்படுத்தினர்.

வாளியும் குழாயும்
ஏறக்குறைய 40 ஆண்டு வளர்ந்த மரத்தில்தான் துளை போடுவார்கள். சுமார் 5 செ.மீ. ஆழம் துளைத்து, சிறு உலோகக் குழாயைத் தட்டிச் செருகி, மூடி போட்ட வாளியை மாட்டுவார்கள். சாறு தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும்; அதில் சர்க்கரை சுமார் 2 சதவீதமே. மாடு கறந்து தீவனம் வைத்தபின், குதிரை இழுக்கும் சறுக்குவண்டியில் தொட்டியை ஏற்றிச் சென்று வாளிகளைக் காலி செய்வார்கள். பிள்ளைகளும் கூடவே போவார்கள்.

அடுப்பும் பதமும்
சுமார் 40 லிட்டர் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். ஆவி வெளியேறக் கொட்டகையின் கூரை உச்சியில் ஒரு திறப்பு இருக்கும். நுரை பொங்கினால் துளி வெண்ணெய் போட்டு அடக்குவார்கள். தண்ணீரின் கொதிநிலையைவிடச் சுமார் 4 டிகிரி செல்சியஸ் கூடினால் பதம் வந்துவிட்டது. அப்போது கரண்டியைச் சாய்த்தால் பாகு சொட்டாது; விளிம்பில் தகடாகப் படர்ந்து விழும்.

மொட்டுகள் பருக்கத் தொடங்கினால் சாற்றின் சுவை கெடும். அத்துடன் குழாய்களைக் கழற்றிவிட்டு, குடும்பம் உழவுக்கு ஆயத்தமாகும்.