எத்தனை பேரில் எத்தனை?

ஆரணித் தறிமேடைத் தோழர்களே! பாவிலே எத்தனை இழை, ஜரிகை எவ்வளவு எடை என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். எண்ணிக்கை பிசகினால் கூலி பிசகும், ஆகவே எண்ணுகிறீர்கள். உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்க்கப் பயிலும் இளம் டாக்டர்கள், தாம் படிக்கும் ஆராய்ச்சியின் எண்களைப் புரிந்துதான் படிக்கிறார்களா? கேட்டால் கோபிப்பார்கள். கோபிக்கட்டும், கேட்கிறோம்!

எண்ணத் தெரிந்தவர்கள் செய்த வேலையை முதலில் பாருங்கள். காசநோயா? நல்ல காற்று, நல்ல சோறு, சானடோரியத்தில் நெடுநாள் படுக்கை என்றிருந்த காலம். ஏழைக்கு ஏது படுக்கை? 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு தொடங்கிற்று. உலகச் சுகாதார நிறுவனமும், இந்திய, பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் கழகங்களும், மாகாண அரசும் கைகோத்தன. நோயாளிகள் 193 பேர், அத்தனை பேரும் நகரத்து ஏழைகள். வீட்டுக்கு யார், சானடோரியத்துக்கு யார்? டாக்டரின் விருப்பமல்ல, சிபாரிசல்ல. சீட்டுக் குலுக்கியதைப் போலப் பிரித்தார்கள். மருந்து இருசாராருக்கும் ஒன்றே. ஓராண்டு கழிந்தது. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, நெரிசலான வீட்டில், அரைவயிற்றுச் சோற்றில் 86!

“92 பெரிதல்லவா, சானடோரியமே வென்றது!” என்பான் அரைகுறையாகப் படித்தவன். பிரிவுக்கு நூறு பேர்கூட இல்லாத இடத்தில் ஐந்தாறு பேர் வித்தியாசம் குலுக்கலிலேயே வந்துவிடும். அதைப் புரிந்தவர்கள் 1959இல் முடிவை வெளியிட்டார்கள். உலகத்துச் சானடோரியங்கள் காலியாகச் சென்னைக் குடிசை வழிகாட்டிற்று.

இன்றைய நிலை என்ன? அமெரிக்காவில் பயிற்சி டாக்டர்கள் 277 பேரிடம் இத்தகைய கணக்கைக் கேட்டு, 2007இல் விடையை வெளியிட்டார்கள். சராசரி மதிப்பெண் நூற்றுக்கு 41! பார்க்கும் புள்ளிவிவரமெல்லாம் புரிவதில்லை என்று நூற்றுக்கு 75 பேர் தாமே ஒப்புக்கொண்டார்கள். செல்வச் சீமையிலேயே இந்தச் சீர்! நம் நாட்டில் மேற்படிப்பு டாக்டர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். ஆராய்ச்சி முறைப் பாடமும் கட்டாயம். சென்னை தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நடத்துகிறது. நல்லதே. ஆனால் சான்றிதழ் பைக்குள் போனது போலப் பாடம் தலைக்குள் போயிற்றா?

போகாவிட்டால் வெட்டு யார்மீது விழும்? ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு ஒரு நோய் என்று கொள்வோம். சோதனை அந்தப் பத்தில் ஒன்பதைக் கண்டுபிடிக்கும். நோயில்லாத 990 பேரிலும் நூற்றுக்கு ஒன்பது வீதம், ஏறத்தாழ 89 பேருக்கு “உண்டு” என்று தவறாகச் சொல்லும். ஆக, தாள் “உண்டு” என்ற 98 பேரில் மெய்யான நோயாளி ஒன்பதே பேர். இது தெரியாத டாக்டர், “நூற்றுக்குத் தொண்ணூறு சரியான சோதனை அப்பா” என்று கையை விரித்தால், நம் நெசவாளி என்செய்வான்? மனைவியின் தோட்டை அடகு வைத்து வேலூருக்கு பஸ் ஏறுவான், தறி மூலையிலே தூங்கும். மறுசோதனை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வேண்டும், கட்டாயம் வேண்டும். முதல் தாளையே தீர்ப்பாக்காதீர் என்கிறோம்.

பட்டத் தேர்வில் நேருக்கு நேர் உட்காரவைத்து, அந்தச் சென்னைக் கணக்கை முன்னே வைக்கட்டும். “86, 92 — இதற்கு என்ன பொருள், ஆரணி நெசவாளிக்குப் புரியும்படி சொல்” என்று கேட்கட்டும். சொன்னவருக்குப் பட்டம் தரட்டும்.